சிறுவனுக்கும் ஒரு முன்னேற்பாட்டுக் கூட்டம்

கார்த்திகைத் தீபம் நெருங்கினால் திருவண்ணாமலையில் மாவட்ட ஆட்சியர் தலைமையில் முன்னேற்பாட்டுக் கூட்டங்கள் தொடங்கிவிடும். காவல் துறை, அறநிலையத் துறை, மாநகராட்சி, சுகாதாரத் துறை, போக்குவரத்துக் கழகம், ரயில்வே, வனத் துறை, தீயணைப்புத் துறை, மின்வாரியம் எல்லாம் ஒரே அறையில் உட்காருகின்றன. எந்தச் சாலையில் தற்காலிகப் பேருந்து நிலையம், எந்த லிங்கத்துக்கு அருகே மருத்துவ முகாம், எங்கே குடிநீர், எங்கே கழிப்பறை என்று வேலையைப் பிரித்துக்கொள்கின்றன. வெளி மாவட்டங்களிலிருந்தும் ஆள் வரவழைத்துப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட காவலர்களை நிறுத்துகிறார்கள். கூட்டத்தில் குழந்தை தொலைந்துவிடக் கூடாது என்று பெற்றோரின் கைபேசி எண்ணோடு ஒரு பட்டையைக் கையில் கட்டி அனுப்புகிறார்கள். சிறிய அளவில் இதே வேலை ஒவ்வொரு பௌர்ணமிக்கும் நடக்கிறது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை ஓரிரவில் லட்சக்கணக்கானோர் சுற்றிவிட்டுப் பத்திரமாக ஊர் திரும்புகிறார்கள் என்றால், அதற்குப் பின்னால் இந்தக் கூட்டு உழைப்பு இருக்கிறது. துறைகள் ஒன்றுசேர்ந்து வேலை செய்ய முடியாது என்று தமிழ்நாட்டில் வேறு எந்த ஊர் சொன்னாலும் இந்த ஊர் சொல்ல முடியாது.

அதே இரவில், அதே பாதையில், ஒரு பக்தரின் கைபேசியைப் பறித்துக்கொண்டு ஓடிய 16 வயதுப் பையன் பிடிபடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். காவல் நிலையம், இளைஞர் நீதிக் குழுமம், கூர்நோக்கு இல்லம் அல்லது ஜாமீன், பிறகு வாய்தா என்று அவன் ஒவ்வொரு அலுவலகமாகக் கைமாறுகிறான். அவன் ஒருவனை முன்னிறுத்தி இந்தத் துறைகள் கூடிப் பேசும் ஏற்பாடு இல்லை. கூட்டத்தில் தொலையக்கூடிய குழந்தைக்குக் கையில் பட்டை கட்டத் தெரிந்த நிர்வாகம், வாழ்க்கையில் தொலைந்துகொண்டிருக்கும் பையனுக்கும் ஒரு முன்னேற்பாட்டுக் கூட்டம் நடத்த வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, கடுமையான தண்டனையும் தேவையில்லை. இருக்கிற சட்டத்தை இருக்கிற அலுவலர்கள் சேர்ந்து நடத்தினால் போதும்.

சட்டம் இந்த விஷயத்தில் குறைவைக்கவில்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி ஒவ்வொரு காவல் நிலையத்திலும் உதவி சார்பு ஆய்வாளர் (ஏஎஸ்ஐ) நிலைக்குக் குறையாத ஒருவர் குழந்தைகள் நலக் காவல் அலுவலராக இருக்க வேண்டும். மாவட்டத்துக்கு ஒரு சிறப்புச் சிறார் காவல் அலகு உண்டு. அதன் தலைமையில் துணைக் கண்காணிப்பாளர் நிலையில் ஒருவரும், உடன் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். பிடிபட்ட சிறுவனை லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். அந்தக் குழுமத்திலும் மாஜிஸ்திரேட் தனியாக இல்லை. இரண்டு சமூகப் பணியாளர்கள் அவருடன் அமர்கிறார்கள், அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். நன்னடத்தை அலுவலர் இரண்டு வாரத்துக்குள் பையனின் குடும்பம், படிப்பு, சூழல் பற்றி விசாரித்து அறிக்கை தர வேண்டும். 2016ஆம் ஆண்டின் மத்திய மாதிரி விதிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. மிகக் கொடிய குற்றமாக இருந்தாலோ, பெரியவர்களோடு சேர்ந்து செய்த குற்றமாக இருந்தாலோ தவிர முதல் தகவல் அறிக்கை பதியத் தேவையில்லை. நாட்குறிப்பில் எழுதி, சிறுவனின் சமூகப் பின்னணி அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்பினால் போதும். இந்த விதிகளை வரிசையாகப் படித்தால் ஒன்று விளங்கும். குற்றத்தை விசாரிப்பதைவிடப் பையனை விசாரிப்பதைத்தான் சட்டம் முக்கியமாகக் கருதியிருக்கிறது. அந்த விசாரணையை ஒரு துறை தனியாகச் செய்ய முடியாது என்பதையும் அது அறிந்திருக்கிறது.

அந்தப் பையனைப் பற்றி யார் யாருக்கு என்ன தெரியும் என்று பார்த்தால் சிக்கல் எங்கே இருக்கிறது என்பது தெரியும். அவன் எட்டாம் வகுப்பிலிருந்தே வாரத்துக்கு இரண்டு நாள் வருவதில்லை என்பது வகுப்பு ஆசிரியருக்குத் தெரியும். கல்வித் துறையின் எமிஸ் வருகைப் பதிவிலும் அது இருக்கும். தகப்பன் குடிக்கிறார், தாய் கடனில் இருக்கிறார் என்பது மகளிர் சுயஉதவிக் குழுவில் உள்ள பெண்களுக்குத் தெரியும். போன வருடம் கை முறிந்து வந்தபோது அது எப்படி முறிந்தது என்பது அரசு மருத்துவமனைச் செவிலியருக்குத் தெரியும். அவனை இரவில் அழைத்துப்போகும் மூத்த பையன்கள் யார் என்பது ரோந்துக் காவலருக்குத் தெரியும். அவன் எந்தக் கடையில் வேலை பார்த்தான், ஏன் நிறுத்தப்பட்டான் என்பது வார்டு உறுப்பினருக்குத் தெரியும். இவ்வளவும் தெரிந்திருந்தும் ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவரை எட்டுவதில்லை. இரண்டு வாரத்தில் இத்தனையையும் திரட்டி எழுத வேண்டியவர் நன்னடத்தை அலுவலர். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சட்டம் மற்றும் நன்னடத்தை அலுவலர் என்று மத்தியத் திட்டம் ஒதுக்கிய பணியிடம் ஒன்றே ஒன்று. திருவண்ணாமலை மாவட்டத்தின் பரப்பு 6,188 சதுர கிலோமீட்டர், 2011 கணக்கெடுப்பில் மக்கள் தொகை 24 லட்சத்துக்கும் மேல். ஜமுனாமரத்தூர் மலையிலிருந்து வந்தவாசி, செய்யாறு வரை ஒருவர் அலைந்து எழுதும் அறிக்கையில் பையனின் வாழ்க்கை எவ்வளவு இருக்கும்? படிவம் நிரம்பியிருக்கும், அவ்வளவுதான்.

இந்த மாவட்டத்தின் பிழைப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜவ்வாது மலையிலும் செங்கம், போளூர் வட்டாரங்களிலும் வேலை தேடி வெளியூர் போவது குடும்பங்களின் வழக்கம். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறார்கள். செம்மரம் வெட்ட ஆந்திரக் காட்டுக்கு அழைத்துச்செல்லப்பட்டவர்களின் கதியை 2015 ஏப்ரல் 7 நமக்குச் சொன்னது. அன்று சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக்காரர்கள். பெற்றோர் வெளியூரில் இருக்கும்போது பிள்ளைகள் பாட்டி வீட்டிலோ பெரியம்மா வீட்டிலோ வளர்கிறார்கள். பள்ளிக்குப் போகவில்லை என்றால் கேட்க ஆள் இருக்காது. இன்னொரு பக்கம், நகரத்தில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி பணம் புரள்கிறது. கற்பூரம், விபூதி, பாசிமணி, தண்ணீர் பாட்டில் விற்கவும், வண்டி நிறுத்துமிடத்தில் ஆள் பிடிக்கவும், இலை எடுக்கவும் சிறுவர்கள் தேவைப்படுகிறார்கள். ஓரிரவில் கையில் காசு பார்த்த பையனுக்கு மறுநாள் காலை வகுப்பறை கசக்கும். கூட்டத்தோடு கூட்டமாக வரும் கஞ்சாக்காரனும் திருடனும் முதலில் தேடுவது இப்படிப்பட்ட பையனைத்தான். இது அண்ணாமலையார் ஊரின் குறை இல்லை. பழனியோ வேளாங்கண்ணியோ, யாத்திரிகர் கூடும் எந்த ஊருக்கும் இது பொருந்தும்.

தவறு செய்த சிறுவனைக் கட்டடத்துக்குள் வைத்துத் திருத்திவிடலாம் என்ற நம்பிக்கை நம் மாநிலத்தில் பழையது. செங்கல்பட்டில் சீர்திருத்தப் பள்ளி 1887இல் தொடங்கியது. சிறுவர்களுக்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் முதலில் வந்ததும் இங்கேதான். அது 1920ஆம் ஆண்டின் சென்னைச் சிறுவர் சட்டம். வங்காளமும் பம்பாயும் அதன் பிறகே வந்தன. அந்தப் பெருமையை நினைக்கும்போதே 2022 டிசம்பர் 31ஐயும் நினைக்க வேண்டியிருக்கிறது. ரயில்வே வளாகத்தில் பேட்டரி திருடியதாகப் பிடிபட்ட 17 வயதுச் சிறுவன் ஒருவன் செங்கல்பட்டுச் சிறார் இல்லத்தில் அடிபட்டு இறந்தான். இல்லத்தின் கண்காணிப்பாளர் உட்பட ஊழியர்கள் 6 பேர் கைதானார்கள். அதன் பின்னரே இல்லங்களின் நிலையை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைந்தது. ஒரு பேட்டரிக்கு ஓர் உயிர் போனது. ஏழைத் தாயின் பிள்ளை ஒருவன் முதல்முறை தவறியபோது, அவன் வீட்டுக்கு ஒரு சமூகப் பணியாளர் போயிருந்தால், அவனை இல்லத்துக்கு அனுப்பாமல் தாயோடு அனுப்பலாமா என்று நான்கு பேர் உட்கார்ந்து யோசித்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. இல்லம் என்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று 2015 சட்டத்தின் 3ஆவது பிரிவே சொல்கிறது.

சிறுவர்கள் கட்டுமீறிப் போய்விட்டார்கள் என்று பேசுவோர் புள்ளிவிவரத்தையும் பார்க்க வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2021இல் நாடு முழுவதும் சிறார் மீது பதிவான வழக்குகள் 31,170. 2022இல் அது 30,555. பிடிபட்டவர்களில் நூற்றுக்கு 78 பேருக்கு மேல் 16 முதல் 18 வயதுக்குள் இருப்பவர்கள். நாட்டின் அளவுக்கு இது சிறிய எண்ணிக்கை. மாவட்டவாரியாகப் பிரித்தால் ஒவ்வொரு பையனையும் பெயர் சொல்லிப் பேசக்கூடிய எண்ணிக்கை. ஆனால் இந்தச் சிறிய எண்ணிக்கையைக்கூட நம் குழுமங்களால் முடிக்க முடியவில்லை. இந்தியா நீதி அறிக்கை அமைப்பு 362 இளைஞர் நீதிக் குழுமங்களை ஆராய்ந்து 2025இல் வெளியிட்ட ஆய்வில், 2023 அக்டோபர் இறுதியில் பாதிக்கும் மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தன. நான்கில் ஒரு குழுமத்துக்கு முழு அமர்வே இல்லை. நான்கு மாதத்தில் முடிக்க வேண்டும், அவசியமானால் இன்னும் இரண்டு மாதம் என்று சட்டம் சொல்லும் விசாரணை ஆண்டுக்கணக்கில் இழுத்தால், 16 வயதில் செய்த தவறுக்கு 19 வயதில் தீர்வு வரும். அதற்குள் அவன் யாராக ஆகியிருப்பான் என்பதை அந்தத் தீர்வு மாற்றப்போவதில்லை.

உள்ளூர்த் துறைகளின் ஒத்துழைப்பால் உண்மையில் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு இங்கிலாந்தின் அனுபவம் நல்ல பாடம். அதன் வெற்றியைப் போலவே தோல்வியும் நமக்கு உதவும். 1998இல் அந்நாடு இயற்றிய குற்றம் மற்றும் ஒழுங்கீனச் சட்டம் ஒவ்வோர் உள்ளாட்சியிலும் சிறார் குற்றக் குழு ஒன்றைக் கட்டாயமாக்கியது. காவல், நன்னடத்தை, சமூக நலம், சுகாதாரம், கல்வி ஆகிய துறைகளிலிருந்து ஆட்களை அனுப்பி, ஒரே அலுவலகத்தில் ஒரே பையனின் கோப்பை வைத்து வேலை செய்யச் சொன்னது. இங்கிலாந்து, வேல்ஸில் 18 வயதுக்குட்பட்டுக் காவலில் அடைபட்டிருந்தவர்கள் 2007-08இல் சராசரியாக 2,900க்கு மேல். 2022-23இல் அது 450க்கும் கீழே வந்துவிட்டது. முதன்முறையாகக் குற்ற நடைமுறைக்குள் நுழையும் சிறார் எண்ணிக்கையும் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் இருந்தது, பத்தாயிரத்துக்குக் கீழே இறங்கியது.

அவசரப்பட்டு இதைக் கூட்டுக்குழுவின் வெற்றி என்று மட்டும் எழுதிவிட முடியாது. குழுக்கள் 2000இல் வேலையைத் தொடங்கிய பிறகும் முதல் சில ஆண்டுகளில் எண்ணிக்கை ஏறத்தான் செய்தது. காரணம், இத்தனை குற்றங்களை நீதியின் முன் கொண்டுவர வேண்டும் என்று அரசு காவல் துறைக்கு இலக்கு வைத்திருந்தது. இலக்கை எட்ட எளிதாகக் கிடைப்பவர்கள் தெருவில் நிற்கும் பையன்கள். பள்ளி வாசல் கைகலப்புக்கூடக் குற்றக் கணக்கில் ஏறியது. 2008இல் அந்த இலக்கைக் கைவிட்ட பிறகே சரிவு வந்தது. அதே 1998 சட்டம் சமூக விரோத நடத்தைத் தடை ஆணை என்ற ஒன்றையும் கொண்டுவந்தது. இந்தத் தெருவுக்குப் போகாதே, இன்னாரோடு சேராதே என்று நீதிமன்றம் ஆணையிடும், மீறினால் சிறை. மீறப்பட்ட ஆணைகள் பாதிக்கும் மேல், சிறுவர்களிடம் இன்னும் அதிகம். குற்றமே இல்லாத சேட்டைக்கு ஆணை வாங்கி, ஆணையை மீறியதற்காகச் சிறைக்குப் போன பிள்ளைகள் உண்டு. 2014இல் புதிய சட்டம் கொண்டுவந்து அதை நீக்கினார்கள். ஆக, துறைகள் ஒன்றுகூடுவது பாதி வேலைதான். கூடிய பிறகு எதை எண்ணுகிறார்கள், எதைச் சாதனையாகக் கருதுகிறார்கள் என்பது மீதிப் பாதி. பிடித்தவர்களை எண்ணினால் பிடிப்பது பெருகும். பள்ளிக்குத் திரும்பியவர்களை எண்ணினால் பள்ளிக்குத் திரும்புவது பெருகும்.

திருவண்ணாமலையில் இதை எப்படிச் செய்வது? ஆட்சியர் தலைமையில் குழந்தைகள் பாதுகாப்பு ஆய்வுக் கூட்டங்கள் இப்போதும் நடக்கின்றன. இளைஞர் நீதிச் சட்டத்தின் 2021 திருத்தம் ஆட்சியரின் பொறுப்பை இன்னும் கூட்டியிருக்கிறது. ஆனால் ஆய்வுக் கூட்டத்தின் இயல்பு, ஒவ்வொரு துறையும் தன் புள்ளிவிவரத்தை வாசித்துவிட்டு எழுந்து போவது. நான் சொல்வது வேறு வகைக் கூட்டம். மாதம் ஒருமுறை, இரண்டு மணி நேரம், ஏழெட்டுப் பேர் மட்டும். குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர், சிறப்புச் சிறார் காவல் அலகின் ஆய்வாளர், நன்னடத்தை அலுவலர், கல்வித் துறையிலிருந்து ஒருவர், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலிருந்து ஒருவர், மாநகராட்சி அல்லது ஊராட்சியிலிருந்து ஒருவர், திறன் மேம்பாட்டுத் திட்டத்தைப் பார்ப்பவர், பழங்குடியினர் நல அலுவலர். எதிரே துறை அறிக்கைகள் வேண்டாம், பையன்களின் பட்டியல் இருக்கட்டும். ஒவ்வொரு பையனுக்கும் இந்த மாதம் யார் என்ன செய்வது என்று முடிவெடுத்து, அவனுக்கு ஒரே ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். அவன் வீட்டுக் கதவைத் தட்டும் அரசு முகம் அந்த ஒருவருடையதாக இருக்க வேண்டும். குழந்தைக்கும் தாய்க்கும் தெரிந்த பெயராகவும் இருக்க வேண்டும். அடுத்த மாதம் முதல் கேள்வி, போன மாதம் சொன்னது நடந்ததா என்பது. குழுமம் தன் நீதி அதிகாரத்தை இந்தக் கூட்டத்துக்கு விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. கூட்டத்தின் யோசனை நன்னடத்தை அலுவலரின் அறிக்கை வழியாகக் குழுமத்துக்குப் போகட்டும், முடிவு குழுமத்தினுடையது. அறிவுரை கூறி அனுப்புவது, குழு ஆலோசனை, சமூகப் பணி, நன்னடத்தைக் கண்காணிப்பு என்று 18ஆவது பிரிவு தரும் வழிகளைக் குழுமம் நம்பிக்கையோடு பயன்படுத்த வேண்டுமானால், ஆணை போட்ட மறுநாள் அதை நடத்திக்காட்ட வெளியே ஆட்கள் இருக்க வேண்டும். ஆள் இல்லாததால்தான் சமூகப் பணி ஆணை காகிதத்தில் நின்றுவிடுகிறது, வேலூர், கடலூர் இல்லங்களின் கதவு திறக்கிறது.

இது குற்றவாளிகளுக்குக் கொடுக்கும் சலுகை என்று சொல்வோர் இருக்கிறார்கள். 2012 டில்லிக் கூட்டுப் பாலியல் கொடுமையில் ஒரு சிறுவனும் பிடிபட்ட பிறகு நாடே கேட்ட கேள்வி அது. 2024 மே மாதம் புனேயில் 17 வயது இளைஞன் ஓட்டிய சொகுசு கார் இரண்டு பேரைக் கொன்றபோது, விபத்து பற்றி 300 சொல்லில் கட்டுரை எழுதச் சொல்லி ஜாமீன் தந்தார்கள். அதைக் கேட்டு மக்கள் கொதித்ததில் நியாயம் இருந்தது. ஆனால் அங்கே நடந்தது என்ன? வசதியான வீட்டுப் பிள்ளையைப் பற்றி எந்த விசாரணையும் இல்லாமல், எந்தத் திட்டமும் இல்லாமல் ஒரே நாளில் எடுத்த முடிவு. நான் கேட்பது அதற்கு நேர் எதிரானது. மாதாமாதம் ஒருவர் வீட்டுக்கு வந்து, பள்ளிக்குப் போனாயா, யாரோடு சுற்றுகிறாய், பறித்த கைபேசிக்கு என்ன ஈடு செய்தாய் என்று கேட்பது, வாய்தாவுக்கு வந்து போவதைவிடக் கடினமானது. மிகக் கொடிய குற்றம் செய்த 16, 17 வயதினரைப் பற்றி முடிவெடுக்க 15ஆவது பிரிவு தனி வழி வகுத்திருக்கிறது, அதை இந்த ஏற்பாடு தொடப்போவதில்லை. பாதிக்கப்பட்டவரை மறந்துவிட்டார்கள் என்ற குறை மட்டும் முழுக்க உண்மை. பறிகொடுத்த பக்தர் பெங்களூரிலோ சித்தூரிலோ இருப்பார், வழக்கு என்ன ஆனது என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. விரும்பினால் அவரிடமும் பேசி, ஈடு என்ன என்று கேட்பது இந்தக் கூட்டத்தின் கடமைகளில் ஒன்றாக இருக்க வேண்டும். நியூசிலாந்து 1989 முதல் குடும்பத்தையும் பாதிக்கப்பட்டவரையும் ஒரே இடத்தில் அமர்த்திப் பேசவைக்கிறது.

இதைவிடக் கனமான எதிர்ப்பு வேறு பக்கத்திலிருந்து வரும். பட்டியல் போட்டுக் கண்காணிப்பது என்றாலே இந்தத் தமிழ் மண்ணில் யாருக்கு அடி விழும் என்பது நமக்குத் தெரியும். 1871இல் வந்து 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் நீண்ட குற்றப் பரம்பரைச் சட்டம் குறவர், பிரமலைக் கள்ளர் உள்ளிட்ட சாதிகளைப் பிறப்பிலேயே குற்றவாளியாக்கியது, 1947இல்தான் இங்கே நீங்கியது. சட்டம் போன பின்னும் திருட்டு என்றால் இருளர் குடியிருப்புக்கும் நரிக்குறவர் குடியிருப்புக்கும் முதலில் வண்டி போகும் பழக்கம் போய்விடவில்லை. ஆகவே பட்டியலில் ஒரு பெயர் ஏற, அவன் தெருவோ சாதியோ சகவாசமோ காரணமாகக் கூடாது. குழுமத்தின் முன் வந்தவனும், தாயோ பள்ளியோ உதவி கேட்டு அனுப்பியவனும் மட்டுமே இடம்பெற வேண்டும். பள்ளி அனுப்பும் விவரம் காவல் நிலையத்துக் கோப்பில் போய்ச் சேரக் கூடாது. பெயரை வெளியிடுவதை 74ஆவது பிரிவு தடுக்கிறது, பழைய வழக்கு அவனுக்குத் தகுதிக்குறைவு ஆகாது என்று 24ஆவது பிரிவு சொல்கிறது. இரண்டையும் கூட்டத்தில் உட்காரும் ஒவ்வொருவரும் கையெழுத்திட்டு ஏற்க வேண்டும். கூட்டத்தின் தலைமை காவல் துறையிடம் இருக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பள்ளி மாணவனும் தங்கையும் வெட்டுப்பட்டார்கள், வெட்டியவர்கள் சக மாணவர்கள். அங்கே சாதி வன்மம் வகுப்பறையில் வளர்ந்தது பள்ளிக்குத் தெரிந்தேதான் இருந்தது. காவலர் இல்லாததால் அது வளரவில்லை. தெரிந்ததைச் சொல்ல ஆசிரியருக்கு நம்பகமான இடம் இல்லாததால் வளர்ந்தது.

அலுவலர்களுக்கு ஏற்கெனவே கூட்டங்கள் அதிகம், ஆள் குறைவு என்பது மூன்றாவது எதிர்ப்பு. ஆள் குறைவு உண்மை. 2018இல் சம்பூர்ணா பெஹுரா வழக்கில் உச்ச நீதிமன்றமே காலியிடங்களை நிரப்பச் சொல்லி, மாநிலங்களை உயர் நீதிமன்றங்கள் கண்காணிக்கவும் கேட்டுக்கொண்டது. ஆனால் ஆள் குறைவாக இருக்கும் இடத்தில்தான் கூட்டு வேலை அதிகம் தேவை. ஒரே வீட்டுக்கு நான்கு துறை தனித்தனியாகப் போவதும், நான்கும் போகாமல் விடுவதும் வீண். ஒருவர் போய் நால்வருக்கும் சொன்னால் நேரம் மிஞ்சும்.

எதை எண்ணுவது என்ற இடத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த ஏற்பாடு நிற்பதும் விழுவதும் அங்கேதான். முதலில் எண்ண வேண்டியது பையனை அல்ல, அவனைப் பயன்படுத்திய பெரியவரை. சிறுவனுக்குப் போதைப் பொருளோ மதுவோ புகையிலையோ கொடுத்தவருக்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆவது பிரிவில் 7 ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. சிறுவனை வைத்துச் சாராயமோ கஞ்சாவோ கடத்தினாலும் விற்றாலும் 78ஆவது பிரிவில் அதே தண்டனை. பிச்சை எடுக்கவைத்தால் 76ஆவது பிரிவு. கஞ்சாவில் ஒரு கிலோ வரை சிறு அளவு என்று போதைப் பொருள் சட்டம் பிரிப்பதால், பெரிய மூட்டையைச் சிறு பொட்டலங்களாக்கிப் பையன்களிடம் கொடுப்பது வியாபாரிக்கு லாபம், பிடிபடுவது பையன். ஆபரேஷன் கஞ்சா வேட்டை என்ற பெயரில் 2021 முதல் மாநிலம் முழுக்கச் சோதனைகள் நடந்தன. குட்காவுக்கு 2013 முதல் தடை. இருந்தும் பள்ளி மாணவர்கள் கையில் கூல் லிப் என்ற புகையிலைப் பொருள் புழங்குவதைக் கண்டு 2024இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கவலைப்பட வேண்டியிருந்தது. பள்ளிகளுக்கு 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்ற சட்டத்தை நடைமுறைப்படுத்த வேண்டியவர்களில் உணவுப் பாதுகாப்பு அலுவலரும் மாநகராட்சி சுகாதார ஆய்வாளரும் உண்டு. தேவைப்படும்போது அவர்களையும் அந்த அறைக்கு அழைக்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் ஆட்சியர் கேட்க வேண்டியவை சில: இந்த மாதம் பிடிபட்ட ஒவ்வொரு சிறுவனுக்கும் பின்னால் இருந்த பெரியவர் யார், அவர் மீது 77இலும் 78இலும் எத்தனை வழக்கு, எந்தக் கடை மூடப்பட்டது, எத்தனை பையன்கள் பள்ளிக்கோ ஐடிஐக்கோ திரும்பினார்கள், எத்தனை விசாரணை நான்கு மாதத்துக்குள் முடிந்தது. பெயர்களை மறைத்து இந்த எண்களை மட்டும் மாவட்ட நிர்வாகம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடட்டும். அதற்கு அரசாணை எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆட்சியரின் ஒரு சுற்றறிக்கை போதும், முதல் கூட்டத்தை வரும் மாதமே நடத்தலாம்.